பதினாறு பூஜ்ஜியங்களுக்குப் பிறகு ஓர் ஐந்து

பிப்ரவரி. லின்ஸில் இன்று டான்யூப் இல்லை.
மூடுபனிக்குள் ஒரு படகின் விளக்கு மட்டும்
எதன்மேல் மிதக்கிறோம் என்ற கவலையின்றிப் போகிறது.
லிஃப்ட் பழுது. மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படி,
எண்ணிக்கொண்டே ஏறினேன்.
சம்பளத்துக்கு எண்ண வேண்டிய படி வேறு.

ஷ்டைரில், ட்சைலிங்கர் அம்மாவின் பேக்கரியில்
ஓர் இயந்திரக் கை இரவெல்லாம்
பிசைந்த மாவை எடுத்துத் தட்டில் வைக்கும்.
நேற்றிலிருந்து சில தட்டுகளின் முன்னால்
செருப்பை எங்கே விடுவதென்று தெரியாத விருந்தாளிபோல்
நின்றுவிடுகிறது.

மூன்று மூட்டு. மூட்டுக்கு ஒரு மாறி.
மூன்றும் பெருகிப் பின்னிய கோவை
திரையில் நாலு பக்கம்:
அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி,
அதற்குள்ளும் யாரோ குடியிருக்கிறார்கள்.

இதன் படி என்ன, என்று மென்பொருளைக் கேட்டேன்.
நான்கு, என்றது.
ஒரு நொடி சந்தோஷம்.
எந்த மாறியில் என்று நான் சொல்லவில்லை;
அதுவாகவே முதல் மாறியை எடுத்துக்கொண்டது,
முதல் இலைக்குப் பரிமாறிவிட்டு
பந்தி முடிந்தது என்கிற ஆள் மாதிரி.

மூன்றையும் பெயர் சொல்லி அழைத்தேன்.
விரித்து எழுதச் சொன்னேன்.
விசிறி இரைந்தது,
எழுபத்தொன்பது உறுப்புகள் வரிசையில் வந்து நின்றன.
மொத்தப் படி?
பதினொன்று.

என் தாளில், பென்சிலில், எட்டு.

எட்டுக்கு மேல் மூன்று படி ஏறியது யார்?
தேடினேன். கடைசி வரியில் ஒளிந்திருந்தது:
நான்கு, நான்கு, மூன்று என்று அடுக்கேறிய ஓர் உறுப்பு.
அதன் கெழு,
புள்ளி, பதினாறு பூஜ்ஜியம், அப்புறம் ஓர் ஐந்து.

எறும்பின் நிழலுக்குக்கூட இதைவிடக் கனம் உண்டு.
ஆனால் படிக்குக் கனம் தெரியாது.
உயரம் மட்டும்தான் தெரியும்.

கையின் துண்டுகள் பத்து, இருபது, முப்பது செண்டிமீட்டர்.
முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால்
மிச்சமில்லை; பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.
மீட்டரில், தசமத்தில் எழுதிக் கொடுத்தது என் தவறு.
பூஜ்ஜியமும் ஒன்றுமாய் எண்ணும் இயந்திரத்துக்குள்
பத்தில் ஒரு பங்கு முழுசாய் அடங்காது.
படியைக் கவிழ்த்துத் தட்டிய பிறகும்
அடியில் ஒட்டியிருக்கும் மாவு, அந்த ஐந்து.

தசமங்களைத் துடைத்தேன். பின்னமாய் எழுதினேன்.
பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு, பத்தில் மூன்று.
உறுப்பு செத்தது.
எட்டு.

கோர்பினியனை அழைத்தேன். அவன் பேக்கரியில் இருந்தான்.
காத்திருக்கச் சொன்னான், கையை அளக்கிறானாம்.
சும்மா இருக்க முடியாமல்
வெறும் பூஜ்ஜியத்தைத் தட்டி அதன் படியைக் கேட்டேன்.
மைனஸ் முடிவிலி, என்றது
துளியும் தயங்காமல்.
தரைத்தளமே இல்லாத வீடு,
இறங்கு, இறங்கு, இறங்கிக்கொண்டே இரு.

"ரோஸ்விதா, முப்பது என்று யார் சொன்னது?
முப்பது புள்ளி பூஜ்ஜியம் இரண்டு.
அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது,
சூட்டில் நீண்டிருக்கும்.
இல்லை, பட்டறையிலேயே அப்படித்தான் அறுத்தார்களோ."

மைனஸ் ஐயாயிரத்தில் ஒன்று.
சுத்தமான பின்னம். ஒட்டிய மாவு இல்லை.
உள்ளிட்டேன், விரித்தேன், கேட்டேன்.

பதினொன்று.

அதே எண். பார்க்காததைப் பார்த்ததாய்ச் சொன்ன சாட்சி
உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.
தண்டிப்பதா, நன்றி சொல்வதா?
பென்சில் எட்டை அழிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினேன்: இரும்பு சொன்னபடி கேட்டால்.

ஃபோனில் மெல்லும் சத்தம்.
என்ன தின்கிறாய்?
"அது தடுமாறி வைத்த ரொட்டி," என்றான்.
"ஒரு பக்கம் கோணல். நன்றாகத்தான் இருக்கிறது.
சரி, எட்டா, பதினொன்றா?
அம்மா பக்கத்தில் நிற்கிறார்."